மூணு கிலோவாட்னா எத்தனை யூனிட்?

மொட்டை மாடியில சோலார் போடலாமான்னு வீட்டுக்கு வீடு பேசிக்கிட்டு இருக்காங்க. பிஎம் சூர்ய கர் திட்டத்துல மூணு கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. மீதிக்கு பேங்க் லோன். விற்க வர்றவர் போடுற கணக்கு பல நேரம் இப்படித்தான் இருக்கும்: "மூணு கிலோவாட் சார், எட்டு மணி நேரம் வெயில், ஒரு நாளைக்கு 24 யூனிட்." உடனே அப்பா உங்க பக்கம் திரும்பி, "நீ இன்ஜினியரிங்தானே படிக்கிற, சரியான்னு பாரு" என்பார்.

உண்மையில் கிடைக்கப் போறது 12 யூனிட் பக்கம்தான். மீதிப் பாதி எங்கே போச்சு?

முதல்ல இரண்டு வார்த்தைகளைப் பிரிச்சுக்கணும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் இந்த நொடி விழும் வெயிலின் திறன்தான் இர்ரேடியன்ஸ். அதை வாட் கணக்கில் சொல்வாங்க. அதே சதுர மீட்டரில் காலையிலிருந்து சாயங்காலம் வரை சேர்ந்த மொத்த ஆற்றல் இன்சொலேஷன். இது கிலோவாட்-மணியில் வரும். குழாயில் தண்ணி வர்ற வேகம் முதலாவது, குடத்தில் நிரம்பியிருப்பது இரண்டாவது. கரன்ட் பில்லில் வர்ற யூனிட் என்பதும் ஒரு கிலோவாட்-மணிதான். "ஆண்டுக்கு 100 மெகாவாட் உற்பத்தி"ன்னு எங்கேயாவது படிச்சா, "எங்க ஊர் இங்கிருந்து 60 கிலோமீட்டர் வேகத்துல இருக்கு"ன்னு ஒருத்தர் சொன்ன மாதிரி நினைச்சுக்கோங்க.

வளிமண்டலத்துக்கு வெளியே சூரியனுக்கு நேரே நிற்கும் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,361 வாட் விழுது. காற்று, தூசி, நீராவி எல்லாம் தன் பங்கை எடுத்துக்கிட்டது போக, தெளிவான நாளின் உச்சி வெயிலில் தரைக்கு வர்றது ஏறக்குறைய 1,000 வாட். பேனலை டெஸ்ட் பண்றதும் இந்த 1,000 வாட்டில்தான், அதுவும் செல்லின் வெப்பநிலை 25 டிகிரியில். ஸ்டாண்டர்ட் டெஸ்ட் கண்டிஷன்னு சொல்றது இதைத்தான். மூணு கிலோவாட் என்பது அந்த நிலைமையில் மட்டும் வர்ற எண்.

அப்போ "எட்டு மணி நேரம் வெயில்" பொய்யா? பொய் இல்லை, ஆனா அது வேற கணக்கு. வானிலை நிலையங்களில் கேம்ப்பெல்-ஸ்டோக்ஸ்னு ஒரு கருவி இருக்கு. கண்ணாடி உருண்டை வெயிலைக் குவிச்சு, கீழே இருக்கும் அட்டையில் சூடு போட்டுக்கிட்டே போகும். சூடு பட்ட நீளம்தான் அன்றைய வெயில் நேரம். இன்றைய வரையறைப்படி நேர் கதிர் 120 வாட்டைத் தாண்டினாலே அது வெயில். 120 வாட்டில் உங்க மூணு கிலோவாட் பேனல் அரை கிலோவாட்டைக்கூட தொடாது. நமக்கு வேண்டியது பீக் சன் ஹவர்ஸ், அதாவது அன்றைய மொத்த வெயிலையும் 1,000 வாட் வெயிலா மாத்தினா எத்தனை மணி நேரம் வரும் என்பது. தமிழ்நாட்டில் பல இடங்களில் ஆண்டுச் சராசரி ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. 5.2ன்னு வெச்சுக்கலாம்.

மூணு பெருக்கல் 5.2, ஆக 15.6 யூனிட். இன்னும் 12 வரலையே?

மீதியைச் சூடு தின்னுடுது. வெயில் அதிகமா இருந்தா பேனல் நல்லா வேலை செய்யும்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஒளிக்கு அது சரி, வெப்பத்துக்கு நேர் எதிர். 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் பேனல் சுமார் 0.35 சதவீதம் திறனை இழக்கும். மே மாத மதியம் செல் 60 டிகிரிக்குப் போனா, 35 டிகிரி அதிகம், 12 சதவீதம் காலி. அதோட தூசி, ஒயர், இன்வெர்ட்டர் இழப்பு எல்லாம் சேர்த்து மிஞ்சுவதை பெர்ஃபார்மன்ஸ் ரேஷியோ என்பாங்க. 77 சதவீதம் நியாயமான எண். 15.6-ல் 77 சதவீதம், 12 யூனிட். கணக்கு முடிஞ்சது. இரண்டு மாத பில்லுக்கு 720 யூனிட், 1,440 இல்லை. லோன் எத்தனை வருஷத்தில் அடையும் என்பதே இதில் மாறிடும்.

இந்த 5.2 எங்கிருந்து வருது? சமதளமா வெச்ச பைரனோமீட்டர், கண்ணாடிக் குமிழ் வழியா மொத்த வானத்தையும் பார்த்து ஜிஹெச்ஐ சொல்லும். சூரியனையே பின்தொடரும் குழாய் மாதிரியான பைர்ஹீலியோமீட்டர், நேர் கதிரை மட்டும் பிடிச்சு டிஎன்ஐ சொல்லும். சூரியனை மறைச்சு மீதி வானத்தை மட்டும் அளந்தா டிஹெச்ஐ. கண்ணாடியால் வெயிலைக் குவிக்கும் நிலையங்களுக்கு டிஎன்ஐ-தான் உயிர். நம்ம பேனல் சிதறிய ஒளியிலும் வேலை செய்யும் என்பதால் மேகமூட்டத்திலும் கொஞ்சம் கரன்ட் வரும். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனம், பெயரில் காற்று இருந்தாலும், நாடு முழுக்க கதிர்வீச்சு அளக்கும் நிலையங்களை அமைச்சிருக்கு. உங்க ஊர் எண் வேணும்னா நாசாவின் பவர் இணையதளத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்து இலவசமா எடுக்கலாம்.

கோர் கம்பெனி இன்டர்வியூவுக்குப் போறவங்களுக்கு ஒண்ணு. வருஷத்துக்கு 4,380 யூனிட்டை, 24 மணி நேரமும் முழுத் திறனில் ஓடியிருந்தா வரும் 26,280 யூனிட்டால் வகுத்தா 16.7 சதவீதம். இது சியூஎஃப், பேனலின் எஃபிஷியன்சி இல்லை. கமுதியின் 648 மெகாவாட்டை அதே அளவு அனல் மின் நிலையத்தோட நேருக்கு நேர் ஒப்பிட முடியாததும் இதனாலதான்.

கொட்டேஷன் வந்தா, ஒரு கிலோவாட்டுக்கு வருஷத்துக்கு எத்தனை யூனிட்னு எழுத்தில் கேளுங்க. 1,400-ஐ ஒட்டி இருந்தா நம்பலாம். அப்படியே காலையிலும் சாயங்காலமும் மாடி ஏறி, தண்ணி டேங்க் நிழல் எது வரைக்கும் விழுதுன்னு பாத்துடுங்க. மேல போட்ட 77 சதவீதத்தில் நிழலைச் சேர்க்கலை.