அக்காவின் இருபத்தைந்து சென்ட்

உவரியில் எங்கள் பனை விளை கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, செம்மண் தேரி தொடங்கும் இடத்தில் இருக்கிறது. தாத்தா காலத்துச் சொத்து, நாலு ஏக்கர். 1996இல் அய்யா உயிரோடு இருக்கும்போதே பாகம் வைத்தார். அவருக்கு ஒரு ஏக்கர், அண்ணன்மார் இருவருக்கும் ஆளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அக்காவுக்கு ஒன்றும் இல்லை.

அவளை யாரும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. பத்திரம் எழுதியவர் அய்யாவிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"அண்ணாச்சி, மூத்த பிள்ளைக்கு எந்த வருசம் கல்யாணம்?"

"எண்பத்தெட்டு ஆவணி."

"அப்ப அதுக்குப் பாத்தியதை இல்ல. எளைய பிள்ளைக்கு உண்டு. அது தொண்ணூத்தொண்ணுலதான கல்யாணம்."

அக்கா பதிவு அலுவலகத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. உவரி விலக்கில் இறங்கி நடக்கும்போது கேட்டாள்: "ஏட்டி, நானும் அய்யாவுக்குத்தான பொறந்தேன்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப்போய்த்தான் நான் பத்திர எழுத்துத் தொழிலுக்கே வந்தேன். முதலில் ஒருவரிடம் நகல் எழுதும் உதவியாள், பிறகு எனக்கே உரிமம். இன்றைக்கு மாநிலம் மத்தியச் சட்டத்தை மீறலாமா, தள்ளலாமா என்று தொலைக்காட்சியில் நாலு பேர் உட்கார்ந்து சத்தம் போடும்போதெல்லாம் எனக்கு என் ஒரு ஏக்கர்தான் நினைவுக்கு வருகிறது. அது என் பெயரில் இருப்பதே, ஒரு மாநிலம் ஒரு மத்தியச் சட்டத்தை மாற்றி எழுதியதால்தான்.

1956இல் நாடாளுமன்றம் இயற்றிய இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்களுக்குப் பல வாசல்களைத் திறந்தது, உண்மை. ஆனால் கூட்டுக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்தில் பிறக்கும்போதே வரும் பங்கு ஆண் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்ற பழைய ஏற்பாட்டை அது தொடவில்லை. தகப்பன் இறந்தால் அவருடைய பங்கில் ஒரு துண்டு மகளுக்கு வரும். அவர் இருக்கும்போதே பாகம் வைத்தால் அதுவும் இல்லை. பெண்ணுக்கும் சமமான சொத்துரிமை வேண்டும் என்று 1929இலேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட மண் இது. அறுபது வருடம் கழித்து, கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது, தமிழ்நாடு அந்த மத்தியச் சட்டத்துக்குத் தன் எல்லைக்குள் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. மகளும் மகனைப்போலப் பிறப்பாலேயே பங்காளி. 1990ஆம் ஆண்டின் முதலாவது சட்டமாக அது வெளிவந்தது. செல்லுபடியாகும் நாள் 1989 மார்ச் 25. அந்த நாளுக்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தாது. அக்காவின் கல்யாணத்துக்கும் அந்த நாளுக்கும் இடையே ஏழு மாதம்.

நாடாளுமன்றம் எழுதியதை ஒரு சட்டமன்றம் எப்படித் திருத்த முடிந்தது? அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. புத்தகத்தில் படித்தால் தலை சுற்றும். எங்கள் கப்பல் மாதா கோவில் பக்கம் கடற்கரையில் நின்று பார்த்தால் புரிந்துவிடும். கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டர் வரைக்கும் மீன்பிடிப்பு மாநிலப் பட்டியல். அதைத் தாண்டி வலை போட்டால் மத்தியப் பட்டியல். கடலில் கோடு தெரியாது, சட்டத்தில் தெரியும். மேற்கே இடிந்தகரையைத் தாண்டினால் கூடங்குளம் அணுமின் நிலையம். அணுசக்தி முழுக்க முழுக்க மத்தியப் பட்டியல். 2011 செப்டம்பரில் மக்கள் பயம் தீரும்வரை வேலையை நிறுத்துங்கள் என்று தமிழ்நாடு அமைச்சரவை தீர்மானம் போட்டது. அது வேண்டுகோள்தான், சட்டம் அல்ல. அந்த விஷயத்தில் சட்டம் போட மாநிலத்துக்கு இடமே கிடையாது. 2012 மார்ச்சில் அதே மாநில அரசு வேலை நடக்கட்டும் என்றும் சொல்லிவிட்டது. எங்கள் கரைக்காரர்கள் அந்த இரண்டு தீர்மானங்களையும் மறக்கவில்லை.

மூன்றாவது, பொதுப் பட்டியல். கல்யாணம், வாரிசுரிமை, பாகப்பிரிவினை, கல்வி, காடு, மின்சாரம், நில எடுப்பு எல்லாம் இதில்தான். இரண்டு அரசுகளும் சட்டம் போடலாம். இரண்டும் முட்டிக்கொண்டால் மத்தியச் சட்டம் நிற்கும், மாநிலச் சட்டம் விழும். இது 254ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு. இரண்டாவது உட்பிரிவில்தான் ஒரு சின்ன வாசல் இருக்கிறது. முட்டுகிற மாநிலச் சட்டத்தைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பி அவர் ஒப்புதல் தந்துவிட்டால், அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டமே நிற்கும். நாடாளுமன்றம் நினைத்தால் பிறகு வேறு சட்டம் போட்டு அதை மறுபடியும் மாற்றலாம். அந்தக் கடைசிப் பிடியை டெல்லி விடவில்லை.

புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிச் செய்யும் சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று அண்ணா காலத்தில் 1967இல் கொண்டுவந்த சட்டமும் மத்திய இந்துத் திருமணச் சட்டத்துக்குத் தமிழ்நாடு செய்த திருத்தம்தான். சொத்து விஷயத்தில் எங்களுக்கும் முன்னால் ஆந்திரம் செய்திருந்தது. பின்னால் 1994இல் மகாராஷ்டிரமும் கர்நாடகமும் செய்தன. இத்தனை மாநிலம் செய்து காட்டிய பிறகு, 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும் மகளுக்குப் பிறப்புரிமை என்று மத்தியச் சட்டமே மாறியது. மாநிலங்கள் மீறியதால் நாடு உடையவில்லை. அவை போட்ட பாதையில் நாடு பின்னால் நடந்து வந்தது. இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. என் மேசையில் கைநாட்டு வைத்த எத்தனையோ பெண்களைப் பார்த்துச் சொல்கிறேன்.

அந்த வருடம் கார்த்திகையில் அக்கா பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். "கல்யாணம் ஆன பிள்ளைக்கும் உண்டுன்னு போட்டிருக்கான். படிச்சிச் சொல்லு." படித்துச் சொன்னேன். கல்யாணத் தேதிக் கணக்கு இல்லைதான். ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பு பதிவான பாகப்பிரிவினைகளை அந்தச் சட்டம் தொடாது. எங்கள் பத்திரம் 1996. வாய்விட்டுச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. என் ஏக்கரில் பாதியைத் தான செட்டில்மெண்டாக எழுதித் தருகிறேன் என்றேன்.

"தானமா வேண்டாம்ட்டி," என்றாள். "பாத்தியதைன்னா வாங்குவேன்."

254இன் இரண்டாவது உட்பிரிவைப் படிக்கும்போதெல்லாம் அக்காவின் அந்தச் சொல்தான் எனக்குக் கேட்கிறது. மாநிலத்துக்கு அங்கே கிடைப்பது பாத்தியதையா, தானமா?

2009இல் தமிழ்நாடு போட்ட ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெறவில்லை. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தோடு முட்டுகிறது என்று 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. 2017 ஜனவரியில் மெரினாவில் பிள்ளைகள் திரண்டார்கள். 21ஆம் தேதி அவசரச் சட்டம், 23ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா, 31ஆம் தேதி ஒப்புதல். எட்டே நாள். 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்றது. ஒப்புதல் வந்ததற்கு மறுநாள், 2017 பிப்ரவரி 1இல், அதே சட்டமன்றம் நீட் தேர்விலிருந்து விலக்குக் கேட்டு மசோதா நிறைவேற்றியது. அதற்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது. 2021 செப்டம்பரில் மறுபடி ஒன்று. ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2022 பிப்ரவரி 8இல் மீண்டும் நிறைவேற்றினார்கள். 2025 ஏப்ரலில் அதுவும் மறுக்கப்பட்டதாக முதலமைச்சர் பேரவையில் அறிவித்தார். ஒரே சட்டமன்றம், ஒரே பிரிவு. ஒன்றுக்கு எட்டு நாள், இன்னொன்றுக்கு மூன்று வருடம் காத்துக் கிடந்து இல்லை என்ற பதில். ஏன் இல்லை என்று சொல்லியாக வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. குடியரசுத் தலைவர் ஒப்புதல் என்றாலும், அவர் நடப்பது மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான். ஆகவே எந்தச் சட்டத்தோடு மாநிலம் முட்டுகிறதோ, அந்தச் சட்டத்தை வைத்திருக்கும் அரசிடமே போய்க் கையெழுத்துக் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. எங்கள் தொழிலில், ஒரு தரப்புக்காரரே சார்பதிவாளர் நாற்காலியிலும் உட்கார்ந்தால் அந்தப் பதிவை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

அதற்காக, மாநிலம் செய்வதெல்லாம் நமக்கு நன்மை என்று நான் சொல்லமாட்டேன். இதே வாசல் வழியாக நிலம் போனதும் உண்டு. 2013இல் வந்த மத்திய நில எடுப்புச் சட்டம், தனியார் திட்டம் என்றால் 80 சதவீத நிலக்காரர் சம்மதம் வேண்டும், ஊருக்கு என்ன பாதிப்பு என்று முதலில் ஆராய வேண்டும் என்றது. தமிழ்நாடு தன்னுடைய நெடுஞ்சாலை, தொழிற்பேட்டை, ஆதிதிராவிடர் நலத் திட்ட நில எடுப்புச் சட்டங்கள் மூன்றையும் அதிலிருந்து விலக்கித் திருத்தம் கொண்டுவந்து ஒப்புதலும் வாங்கியது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. அந்த வருடமே புதுச் சட்டம் போட்டு, டிசம்பரில் மறுபடி ஒப்புதல் வாங்கினார்கள். 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமும் சரி என்றது. இழப்பீட்டுக் கணக்கு மத்தியச் சட்டப்படிதான், ஆனால் சம்மதம் கேட்கும் கட்டாயம் போயிற்று. என் மேசைக்கு வரும் விவசாயிக்கு இதை விளக்கிச் சொல்லும்போது, மாநில உரிமை என்ற சொல் அவருக்கு ஆறுதலாக இருப்பதில்லை.

ஒப்புதல் கேட்காமல் மாநிலம் தானே மத்தியச் சட்டத்தைத் தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே 1832இல் தென் கரோலினா மாநிலம், மத்திய அரசின் இறக்குமதித் தீர்வைச் சட்டம் எங்கள் எல்லைக்குள் செல்லாது என்று தானே அறிவித்தது. ராணுவத்தை அனுப்ப அதிகாரம் கேட்டார் அதிபர் ஜாக்சன், கடைசியில் தீர்வையைக் குறைத்துச் சமாதானமானார்கள். தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கச் சொன்ன மத்தியச் சட்டத்தை 1850களில் விஸ்கான்சின் மாநிலம் எதிர்த்தது. நூறு வருடம் கழித்து, கறுப்புப் பிள்ளைகளை வெள்ளைப் பள்ளியில் சேர்க்க மறுத்த தென் மாநிலங்களும் அதே வாதத்தைத்தான் எடுத்தன. எனவே ஒரு மாநிலம் தன்னந்தனியாக, யாருக்கும் பதில் சொல்லாமல், மத்தியச் சட்டத்தைக் கிழித்துப் போடும் அதிகாரம் எனக்கு வேண்டாம். எங்களுக்கு இருக்கிற வாசலே போதும். அது திறக்க வேண்டும், அவ்வளவுதான். மசோதா போனால் இத்தனை மாதத்துக்குள் பதில் வரவேண்டும். மறுத்தால் காரணத்தை எழுதித் தரவேண்டும். அந்தக் காரணம் சரியா என்று பார்க்க ஒரு இடம் வேண்டும். 2025 ஏப்ரல் 8இல் உச்ச நீதிமன்றம் குடியரசுத் தலைவருக்கு மூன்று மாதக் கெடு என்று சொன்னபோது, என் மேசையை மூடிவிட்டு வீட்டுக்குப் போய் அக்காவிடம் அந்தச் செய்தியைச் சொன்னேன். நவம்பர் 20இல், நீதிமன்றம் அப்படிக் கெடு வைக்க முடியாது என்று ஐந்து நீதிபதிகள் கருத்துச் சொல்லிவிட்டார்கள். இனி அரசியல் சட்டத்திலேயே எழுதினால்தான் உண்டு. எழுத வேண்டும்.

2009இல் அய்யா போய்ச் சேர்ந்தார். அம்மா அதற்கு முன்பே இல்லை. அய்யா தனக்கென்று வைத்த ஒரு ஏக்கர் 1956 சட்டப்படியே நாலு பிள்ளைகளுக்கும் சமமாக வந்தது. அந்தப் பாகப்பிரிவினைப் பத்திரத்தை நானே எழுதினேன். அக்கா பெயரை முதலில் எழுதினேன். 25 சென்ட், பனை ஒன்பது. பாத்தியதை விவரம் எழுதும் இடத்தில் 'தந்தைவழி வாரிசுப் பாத்தியதைப்படி' என்று எழுதியதும், "அதை இன்னொருக்க வாசி" என்றாள். வாசித்தேன். பிறகு நான்கெல்லை எழுதினேன். கிழக்கே என் நிலம்.