இலங்கை நாடாளுமன்றத் தேர்தல், 2010: இறுதி முடிவுகள்

இலங்கையின் 2010 நாடாளுமன்றத் தேர்தல் ஏப்ரல் 8 அன்று நடைபெற்றது. 2009 மே மாதத்தில் உள்நாட்டுப் போர் முடிவடைந்த பின்னர் இடம்பெற்ற முதலாவது நாடாளுமன்றத் தேர்தல் இதுவாகும். மொத்தமுள்ள 225 ஆசனங்களில் 180 ஆசனங்களின் முடிவுகளே முதலில் அறிவிக்கப்பட்டன. ஏனைய 45 ஆசனங்கள் யாருக்கு என்பது ஏப்ரல் 20 மீள்வாக்களிப்பின் பின்னரே தெரியவந்தது.

தாமதத்தின் காரணம்

வன்முறை, முறைகேடுகள் தொடர்பான முறைப்பாடுகளை அடுத்து, கண்டி மாவட்டத்தில் நாவலப்பிட்டித் தொகுதியின் 37 வாக்களிப்பு நிலையங்களினதும், திருகோணமலை மாவட்டத்தில் கும்புறுப்பிட்டியிலுள்ள ஒரேயொரு வாக்களிப்பு நிலையத்தினதும் வாக்களிப்பைத் தேர்தல் ஆணையாளர் தயானந்த திசாநாயக்க இரத்துச் செய்தார். புத்தாண்டு இடையில் வந்தது. புதிய நாடாளுமன்றம் ஏப்ரல் 22 அன்று கூடும் என முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. எனவே மீள்வாக்களிப்புக்கும் முதல் அமர்வுக்கும் இடையில் இரண்டு நாட்களே இருந்தன.

சில வாக்களிப்பு நிலையங்களுக்காக 45 ஆசனங்கள் நிறுத்தி வைக்கப்பட்டமை வியப்பாகத் தோன்றலாம். இலங்கையின் விகிதாசாரத் தேர்தல் முறையே இதற்குக் காரணம். 196 உறுப்பினர்கள் தேர்தல் மாவட்டங்களிலிருந்து தெரிவு செய்யப்படுகின்றனர். மாவட்டத்தின் மொத்த வாக்குகளைக் கொண்டே ஆசனங்கள் பகிரப்படுவதால், ஒரு நிலையத்தின் வாக்குகள் இல்லாவிடினும் கணக்கு முழுமையடையாது. அதிக வாக்குகள் பெறும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனமும் உண்டு. ஒரே கட்சி வேட்பாளர்களுள் யார் தெரிவாவது என்பதை விருப்பு வாக்குகள் தீர்மானிப்பதால், சொந்தக் கட்சிக்காரரே போட்டியாளராகவும் மாறுகின்றனர். கண்டியின் 12 ஆசனங்களும் திருகோணமலையின் 4 ஆசனங்களும் இவ்வாறே தேங்கின. திருகோணமலையில் போட்டியிட்ட தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர் இரா. சம்பந்தனும், கண்டியில் போட்டியிட்ட சிறீலங்கா முஸ்லிம் காங்கிரசுத் தலைவர் ரவூப் ஹக்கீமும் தமது தெரிவு உறுதியாவதற்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

எஞ்சிய 29 ஆசனங்கள் தேசியப் பட்டியலுக்குரியவை. இவை நாடளாவிய மொத்த வாக்குகளின் விகிதப்படி பகிரப்படுகின்றன. ஆகையால் கடைசி மாவட்டத்தின் முடிவு வரும் வரை இவற்றையும் அறிவிக்க இயலாது.

மூன்றில் இரண்டு பெரும்பான்மை

அரசாங்கம் அமைப்பது யார் என்பதில் ஐயம் இருக்கவில்லை. முதலில் அறிவிக்கப்பட்ட 180 ஆசனங்களில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டணி 117, ஐக்கிய தேசியக் கட்சி 46, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 12, சனநாயக தேசியக் கூட்டணி 5 ஆசனங்களைப் பெற்றிருந்தன. அரசியலமைப்பைத் திருத்துவதற்கு 150 உறுப்பினர்களின் ஆதரவு தேவை. ஆளும் கூட்டணி அவ்வெல்லையைத் தனித்து எட்டுமா என்பதே எஞ்சியிருந்த கேள்வி. இதற்கு 45 ஆசனங்களில் 33 தேவைப்பட்டது. விகிதாசார முறையில் இது எளிதன்று.

கண்டியில் ஆளும் கூட்டணி 8, ஐக்கிய தேசியக் கட்சி 4 ஆசனங்களைப் பெற்றன. திருகோணமலையில் அவை முறையே 2, 1 ஆசனங்களையும், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 1 ஆசனத்தையும் பெற்றன. தேசியப் பட்டியல் 17, 9, 1 எனவும், சனநாயக தேசியக் கூட்டணிக்கு 2 எனவும் பகிரப்பட்டது.

தேசியப் பட்டியலின் இறுதி ஆசனம் மயிரிழையில் தீர்மானமானது. ஆளும் கூட்டணி 60.33 வீத வாக்குகளையும், ஐக்கிய தேசியக் கட்சி 29.34 வீத வாக்குகளையும் பெற்றன. 29 ஆசனங்களில் இவற்றின் பங்கு முறையே சுமார் 17.49, 8.51 ஆகும். முழு எண்கள் வழங்கப்பட்ட பின்னர் பெரிய மிச்சத்துக்கே அடுத்த ஆசனம் செல்வதால், அது எதிர்க்கட்சிக்குக் கிடைத்தது. வேறுபாடு சில ஆயிரம் வாக்குகளுக்கே ஈடானது. மீள்வாக்களிப்புக்கு முன்னர் இந்த ஆசனத்தை யாருக்கும் உறுதியாகக் கூறியிருக்க முடியாது.

இறுதி நிலை

ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டணி 144, ஐக்கிய தேசியக் கட்சி 60, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 14, சனநாயக தேசியக் கூட்டணி 7 ஆசனங்களைப் பெற்றன. மூன்றில் இரண்டுக்கு ஆளும் கூட்டணியிடம் ஆறு ஆசனங்கள் குறைவாக இருந்தன. தேசியப் பட்டியல் மூலம் நாடாளுமன்றம் சென்ற தி. மு. ஜயரத்ன ஏப்ரல் 21 அன்று பிரதமராகப் பதவியேற்றார்.

அந்த ஆறு ஆசனக் குறைபாடு நீண்ட காலம் நிலைக்கவில்லை. சனாதிபதி ஒருவர் இரு முறைக்கு மேல் தெரிவாவதற்கு இருந்த தடையை நீக்கிய 18ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 2010 செப்டம்பர் 8 அன்று 161 வாக்குகளால் நிறைவேறியது. ஐக்கிய தேசியக் கட்சியின் பட்டியலில் தெரிவான முஸ்லிம் காங்கிரசு உறுப்பினர்களும் வேறு சில எதிரணியினரும் அதற்கு ஆதரவாக வாக்களித்தனர். இரு முறை என்னும் வரையறை 2015இல் 19ஆவது திருத்தத்தின் மூலம் மீண்டும் கொண்டுவரப்பட்டது.