கடைசல் லேத்தில் சக் ஏன் ஆடுகிறது?

சந்தேகங்களும் விளக்கங்களும்

கட்டில் கால், கதிரைக் கால், மாடிப்படிக் கைப்பிடிக் கம்பு எல்லாம் கடைய சக் தேவையில்லை. மரத்தை இரண்டு முனைக்கும் நடுவில் குத்தி நிறுத்தினால் போதும். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கத்து ஓடாவிமாருக்கு அது கைபழகிய வேலை. இடியப்ப உரல், கிண்ணம், பூச்சாடி என்று உள்ளே குடைய வேண்டிய சாமானுக்கு வரும்போதுதான் ஒரு பக்கத்தைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. அப்போது மரத்தை மறுபக்கத்தில் மட்டும் இறுக்கிப் பிடிக்க நாலு தாடை சக் தேவைப்படுகிறது. அதை வாங்கிப் பூட்டியவர்கள் சொல்லும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "காக்கா, சக் ஆடுது."

எல்லாச் சந்தேகத்துக்கும் அடிப்படையான ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். ஸ்பிண்டிலில் உள்ள புரி, சக்கை உள்ளே இழுப்பதற்கு மட்டுமே. அதை நேராக நிறுத்துவது, புரிக்குப் பின்னால் இருக்கும் தட்டையான தோள். சக்கின் முதுகு அந்தத் தோளில் சுற்றிவர ஒட்டி உட்காராவிட்டால், எவ்வளவு விலை கொடுத்த சக்காக இருந்தாலும் ஆடத்தான் செய்யும்.

*என்னுடைய லேத் 1 அங்குல ஸ்பிண்டில். 1 அங்குலம் என்று சொல்லித்தான் சக் வாங்கினேன். இரண்டு சுற்றுக்கு மேல் ஏறவில்லையே?*

விட்டத்தை மட்டும் சொல்லி வாங்கியதுதான் பிரச்சினை. ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புரி என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைய சிறிய, நடுத்தர லேத்துகள் பலவற்றில் 1 அங்குலத்துக்கு 8 புரி. பழைய பிரித்தானிய மைஃபோர்ட் எம்.எல்.8 லேத்திலும் ஸ்பிண்டில் 1 அங்குலம்தான், ஆனால் 12 புரி. அதே காலத்து வேறு பல பிரித்தானிய லேத்துகளில் முக்கால் அங்குலம், 16 புரி. ஐரோப்பிய வகைப் பெரிய லேத்துகளில் 33 மில்லிமீட்டர் விட்டமும் 3.5 மில்லிமீட்டர் புரி இடைவெளியும் வழக்கம்.

கண்ணால் பார்த்து இவற்றைப் பிரித்தறிவது கஷ்டம். 8 புரி என்றால் ஒரு புரிக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 3.175 மில்லிமீட்டர். அதை 3 மில்லிமீட்டர் மெட்ரிக் புரியோடு சேர்த்தால் சுற்றுக்குச் சுற்று 0.175 மில்லிமீட்டர் பிசகிக்கொண்டே போகும். முதல் சுற்று இலேசாக ஏறும், பிறகு இறுகிவிடும். அந்த இடத்தில் ஸ்பானர் போட்டு முறுக்கினால் இரண்டு புரியும் நாசம். சக் போனால் வேறு வாங்கலாம். ஸ்பிண்டில் போனால் லேத்தே போனமாதிரி.

பள்ளிக்கூடத்தில் படித்த வேணியர் இடுக்கிமானியால் புரியின் வெளிவிட்டத்தை அளவுங்கள். புரியின் மேல் அடிமட்டத்தை வைத்து ஓர் அங்குலத்துக்குள் எத்தனை முகடு வருகிறது என்று எண்ணுங்கள். இப்போது வரும் சக்குகள் பலவற்றில் புரி வளையம் தனியாகக் கிடைக்கும். அப்படியானால் சக்கை மாற்றத் தேவையில்லை, வளையத்தை மாற்றினால் சரி.

*புரி கடைசிவரை நன்றாக ஏறுகிறது. ஆனாலும் ஆடுகிறது. ஏன்?*

இங்கேதான் பொறுமை வேண்டும். முதலில் சக்கைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலை மட்டும் பாருங்கள். கையால் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். இலேசாக 'டக்' என்று தட்டுப்பட்டால் பெயாரிங் தேய்ந்திருக்கிறது; அந்த ஸ்பிண்டிலில் எந்தச் சக்கும் நேராக ஓடாது. டயல் கேஜ் இருந்தால் ஸ்பிண்டிலின் தோளில் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். 0.05 மில்லிமீட்டருக்குள் நின்றால் மரவேலைக்குத் தாராளம்.

ஸ்பிண்டில் நல்லது என்றால் அடுத்தது சுத்தம். எங்கள் கரையோரத்தில் இதை எத்தனை தரம் சொன்னாலும் தகும். மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து புரியின் அடியில் மாவு போல இறுகிவிடும். வாடைக்காலத்தில் உப்புக்காற்றும் ஈரமும் பட்டு, பூட்டாமல் வைத்த சக்கின் முதுகில் துரு பூக்கும். பழைய பல் தூரிகையால் புரியைத் தேய்த்து, உலர்ந்த துணியால் தோளையும் சக்கின் முதுகையும் துடையுங்கள். துருவுக்குப் பயந்து எண்ணெய் பூசி வைப்பது நல்லதுதான், ஆனால் பூட்டும் முன் தோளில் இருக்கும் எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும்.

பிறகு ஒரு சின்னப் பரிசோதனை. மார்க்கர் பேனையால் தோளைச் சுற்றி மை பூசுங்கள். காய்ந்ததும் சக்கைப் பூட்டி, இறுக்கி, கழற்றுங்கள். மை சுற்றிவர அழிந்திருந்தால் சக் ஒழுங்காக உட்காருகிறது. ஒரு பக்கம் மட்டும் அழிந்திருந்தால் தோளிலோ சக்கின் முதுகிலோ பிசிர் இருக்கிறது. விரல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். மெல்லிய அரத்தால் அந்தப் பிசிரை மட்டும் எடுங்கள். மை கொஞ்சமும் அழியவில்லை என்றால் சக் தோளைத் தொடவே இல்லை. புரி முடிந்து தோள் தொடங்கும் இடத்தில் சில ஸ்பிண்டில்களில் புரியில்லாத மொத்தையான ஒரு பகுதி இருக்கும். சக்கின் வாயில் அதற்கேற்ற பள்ளம் இல்லாவிட்டால் அங்கேயே முட்டி நின்றுவிடும். இரும்பு லேத் பட்டறையில் கொடுத்துச் சக்கின் வாயை அகலப்படுத்தலாம், அல்லது இரு முகமும் சமாந்தரமாக ஒரு வளையம் கடைந்து இடையில் போடலாம்.

புரி வளையம் தனியாக உள்ள சக் என்றால், வளையத்துக்கும் சக்கின் உடம்புக்கும் நடுவிலும் இதே தூசுதான் வில்லன். கழற்றித் துடைத்து, பூட்டும் சிறு திருகாணியை இறுக்குங்கள்.

*புரியில் நூலோ ரேப்போ சுற்றினால் ஆட்டம் நின்றுவிடுகிறதே, அப்படியே வேலை செய்யலாமா?*

கூடாது. கையால் சுற்றும்போது நின்றதுபோல் தெரியும். உளி ஒரு தரம் மரத்தில் கொத்தியதும் சுற்றியது நசுங்கி, சக் சாயும். 10 அங்குலக் கிண்ணமொன்று நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 48 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் கழன்று வரும் மரம் முகத்துக்கு வந்தால் என்னவாகும் என்பதை நினைத்துப் பாருங்கள். புதிதாகப் பூட்டிய எதையும் ஆகக் குறைந்த வேகத்தில், அது சுற்றும் நேர்கோட்டில் நிற்காமல் விலகி நின்று, முகக்கவசத்தோடு தொடங்குங்கள். தோளில் சால்வையும் தொங்கும் சாரன் நுனியும் லேத்துக்குப் பக்கத்தில் வேண்டாம்.

*சக் நேராக ஓடுகிறது, தாடைகள்தான் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.*

தாடைகளில் 1, 2, 3, 4 என்று இலக்கம் வெட்டியிருக்கும். சக்கின் பள்ளங்களிலும் அதே வரிசை. கழுவித் துடைத்துத் திரும்பப் போடும்போது வரிசை மாறினால், அல்லது உள்ளே உள்ள சுருள் ஒரு சுற்றுத் தப்பினால், முழுதாக மூடும்போது நாலும் நடுவில் சந்திக்காது. சுருளின் நுனி 1ஆம் பள்ளத்துக்கு வரும்போது 1ஆம் தாடையைத் தள்ளி, பிறகு வரிசையாக மற்றவற்றையும் ஏற்றுங்கள். தாடைகள் சுத்தமான வட்டமாக அமைவது ஒரே ஒரு விட்டத்தில்தான். அதற்கு அதிகமாகத் திறந்து பிடித்தால் மூலைகள் மட்டுமே மரத்தைக் கடிக்கும்.

*எல்லாம் சரி, மரம் மட்டும் கழன்று வருகிறது.*

அடியில் சக் பிடிப்பதற்காக விடும் முளையைப் பாருங்கள். முளையின் நுனி சக்கின் அடியைத் தொடக்கூடாது; முளையைச் சுற்றியுள்ள மரத்தின் தட்டையான முகம்தான் தாடையின் வாயில் பதிய வேண்டும். தாடை உட்புறம் சாய்வாக இருந்தால் முளையும் அதே சாய்வில் இருக்கட்டும். முளையின் விட்டம் கிண்ணத்தின் விட்டத்தில் மூன்றில் ஒன்றுக்குக் குறையாமல் வையுங்கள். வாடையில் பச்சை மரத்தில் கடைந்த முளை, கச்சான் வீசும் மாதங்களில் காய்ந்து முட்டை வடிவாகிவிடும். அதை அப்படியே பிடிக்காமல் இரண்டு முனைக்கும் நடுவில் வைத்து முளையைத் திருப்பிக் கடையுங்கள். பாதி வேலையில் மரத்தைக் கழற்ற நேர்ந்தால், 1ஆம் தாடை இருந்த இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டுக் கழற்றுங்கள்.

*சக் இறுகிக் கழல மறுக்கிறது. சுத்தியலால் தட்டலாமா?*

தட்ட வேண்டாம். ஸ்பிண்டிலை அதன் ஸ்பானரால் பிடித்து, தாடைகளுக்குள் நல்ல இரும்புக் கம்பி ஒன்றை இறுக்கி, கழலும் திசையில் வெடுக்கென்று ஒரு இழுப்பு. அசையாவிட்டால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்திருந்து திரும்ப முயலுங்கள். இழுக்கும்போது சுற்றளவைப் பங்கு பிரிப்பதற்கான ஆணியைப் பூட்டாகப் பாவிக்கக்கூடாது. அது அவ்வளவு பலம் தாங்காது, முறிந்துவிடும்.