தொட்டியில் படியும் செங்கறை

குடவாசல் என்றதும் தமிழ் பயிலும் மாணவர்க்குத் தண்ணீரைப் பற்றிய பழைய செய்தி ஒன்று நினைவுக்கு வரும். சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழனிடம் தோற்றுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தான், தண்ணீர் கேட்டான், அது காலந்தாழ்த்தே வந்தது, வந்த நீரைப் பருகாமலே உயிர் துறந்தான் என்று புறநானூற்றின் 74ஆம் பாட்டின் அடிக்குறிப்பு கூறுகிறது. அந்தக் குடவாயிலே இன்றைய குடவாசல் என்பர் அறிஞர். இன்று அவ்வூர்ப் புறத்தில், மின்சாரம் இருக்கும் நேரத்திலாவது, தண்ணீருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. விசையை அழுத்தினால் போதும். ஆழ்குழாய்க் கிணற்று நீர் பளிங்கு போல வந்து விழுகிறது.

ஆயினும் காவிரிப் படுகையின் பல இடங்களில் இந்தப் பளிங்கு நீர் ஒரு விந்தையைச் செய்து காட்டும். மாலையில் தெளிவாக நிரப்பிய தொட்டி காலையில் செம்மை பூத்து நிற்கும். சில வாரங்களில் சுவரெங்கும் காவி தீட்டினாற்போல் கறை ஏறிவிடும். அதில் துவைத்த வெள்ளை வேட்டி பழுப்பாகும். நகரத்துச் செல்வர் வீட்டு நீச்சல் குளத்திலும் இதே தொல்லை உண்டு. நம் வயற்புறத்துப் பிள்ளைகளுக்குப் பம்பு செட்டுத் தொட்டியே நீச்சல் குளம். கறையின் ரசாயனம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

தெளிந்த நீருக்குள் இந்தச் செம்மை எங்கே ஒளிந்திருந்தது? விடை நெல் வயலிலேயே இருக்கிறது. நட்டு ஒரு மாதமான பயிரைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். துருவேறிய கம்பியைப் போலச் செம்பழுப்பாக இருக்கும். நீர் தேங்கிய சேற்றில் உள்ள பிராணவாயுவை நுண்ணுயிர்கள் விரைவில் தீர்த்துவிடுகின்றன. பிராணவாயு இல்லாத நிலையில் மண்ணிலுள்ள இரும்பு, நீரில் கரையும் ‘பெரஸ்’ நிலைக்கு மாறுகிறது. அதற்கு அந்த அளவில் நிறமே புலப்படாது. நெற்பயிரோ இலை வழியாக வாங்கிய காற்றை வேருக்கு இறக்குகிறது. வேரைச் சுற்றிக் கசியும் அந்தக் காற்றுப் பட்டதும் இரும்பு கரையாத ‘பெரிக்’ நிலையை அடைந்து, துருவாக வேரிலேயே படிகிறது. வயல் மூலையில் எண்ணெய் போல் மின்னும் ஏடும் இதுவே. குச்சியால் தொட்டால் எண்ணெய் ஏடு மீண்டும் கூடிக்கொள்ளும். இரும்பு ஏடு கண்ணாடிச் சில்லுகளாக உடைந்து நிற்கும்.

வயலில் ஒரு சாண் ஆழத்தில் நடப்பது, களியும் மணலும் அடுக்கடுக்காகக் கிடக்கும் வண்டல் நிலத்தின் ஆழத்திலும் நடக்கிறது. அங்கே காற்றறியாமல் கிடந்த நீர் குழாய் வழியே மேலே வந்து, முதன்முறையாகக் காற்றைச் சந்திக்கும் இடம் நம் தொட்டி! சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு இவ்வினையைத் துரிதப்படுத்துகிறது. காரத்தன்மை பிஎச் அளவில் ஒரு படி ஏறினால் வினையின் வேகம் ஏறத்தாழ நூறு மடங்காகும். ஆகவே புதுத் தொட்டி விரைவில் சிவக்கிறதே என்று கொத்தனாரை நொந்துகொள்வதில் பயனில்லை. துருப்பிடித்த குழாயும் தன் பங்கைச் சேர்ப்பதுண்டு.

எத்தனை இரும்பு இருந்தால் கறை படியும்? லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைக் கடந்தாலே துணியிலும் பாத்திரத்திலும் கறை தெரியும் என்று உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என வைத்துக்கொண்டால் 10,000 லிட்டர்த் தொட்டியில் 10 கிராம் இரும்பு. அது துருவாகும்போது ஏறத்தாழ 19 கிராம் எடையாகிறது. தொட்டியை எத்தனை முறை நிரப்புகிறோமோ அத்தனை முறையும் இந்தக் கணக்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிவந்த நீரை அருவருத்து, கண்ணுக்குத் தெளிவாக ஓடும் வாய்க்கால் நீரைக் குடிக்க மொண்டு வருவோர் உண்டு. இந்த அளவிலுள்ள இரும்பு சுவையைக் கெடுக்குமே தவிர நோயைத் தருவதில்லை. வாந்திபேதிக் கிருமிக்கோ நிறமே கிடையாது.

இனி, கறையைப் போக்கும் வழி. பெரும்பாலோர் முதலில் எடுப்பது பிளீச்சிங் பவுடர். கறை என்றால் வெளுக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் பிளீச்சிங் பவுடர் காற்று செய்யும் வேலையையே இன்னும் வேகமாகச் செய்யக் கூடியது. கரைந்திருந்த இரும்பும் அதனால் நொடியில் துருவாகிவிடுகிறது, கறை மிகுகிறது. அடுத்துக் கைக்கு வருவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது துருவைக் கரைக்கும். கூடவே சிமெண்டையும் அரிக்கும். சொரசொரப்பான சுவரில் அடுத்த கறை முன்னிலும் உறுதியாகப் பற்றும். பிளீச்சிங் பவுடர் கிடக்கும் தொட்டியில் எந்த அமிலத்தை ஊற்றினாலும் குளோரின் நச்சுவாயு எழும். ஆள் இறங்கி நிற்கும் தொட்டியில் அது உயிருக்கே ஆபத்து.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது: துருவை மீண்டும் கரையும் நிலைக்குத் திருப்ப வேண்டும். அதற்கு வல்லது உயிர்ச்சத்து சி. அந்த மாத்திரை ஒன்றைக் கறைமேல் தேய்த்துப் பாருங்கள். அவ்விடம் வெளுத்தால் கறை இரும்பினுடையதே. எலுமிச்சையும் புளியும் இரும்பைப் பற்றி இழுக்கும் அமிலங்களை உடையவை. தொட்டியை வடித்துவிட்டு, எலுமிச்சைச் சாற்றையோ கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலக் கரைசலையோ தடவி, சில நிமிடங்களில் தேய்த்துக் கழுவிவிடலாம். நெடுநாள் ஊறிய கறைக்கு ஆக்சாலிக் அமிலம் உதவும். வரப்பில் முளைக்கும் புளியாரையின் புளிப்பு அதுதான். எனினும் கடையில் விற்கும் தூள் நச்சு. கையுறை இன்றித் தொடலாகாது. நெல்லிக்காயில் உயிர்ச்சத்து சி மிகுதியாயிற்றே என்று அதைத் தேய்த்துவிடாதீர்கள்! அதன் துவர்ப்பு இரும்போடு கூடினால் கறை கறுத்துவிடும்.

வடிக்க இயலாத பெரிய நீச்சல் குளத்தில், முதலில் குளோரினைத் தணியவிட்டு, 10,000 லிட்டருக்கு 100 கிராம் அளவில் உயிர்ச்சத்து சி தூளைத் தூவுவர். கறை கரைந்து நீரில் சேரும். உடனே குளோரின் இட்டால் மீண்டும் படியும் என்பதால், இரும்பைப் பிடித்து வைக்கும் பாஸ்போனேட் போன்ற மருந்தை முன்னதாகச் சேர்க்கிறார்கள்.

இத்தனை பாட்டைத் தவிர்க்க, நீரைத் தொட்டிக்கு வெளியிலேயே காற்றைச் சந்திக்கச் செய்யலாம். துளையிட்ட தகரத்தின் வழியே பூவாளி போலப் பொழியச் செய்து, தனித்தொட்டியில் ஓர் இரவு தேங்கவிட்டு, மணல் வழியே வடிக்க வேண்டும். ஒரு மில்லிகிராம் இரும்பைத் துருவாக்க 0.14 மில்லிகிராம் பிராணவாயு போதும். காற்றுப்பட்ட நீரில் அதைப்போல் பன்மடங்கு உண்டு. மணல்மேல் தங்கும் செஞ்சேற்றை அவ்வப்போது வழித்துவிட்டு மணலைக் கழுவ வேண்டும். வடித்த நீரில் இரும்பு எஞ்சியுள்ளதா என்று அறியக் கொய்யா இலை போதும். அன்னபேதியையும் கடுக்காயையும் கூட்டி மை காய்ச்சிய முறைதான் இது. இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் கருமை. ஒரு குவளை நீரில் இலையைக் கசக்கிப் போட்டுச் சற்றுப் பொறுங்கள். நீர் கறுத்தால் இன்னொரு முறை வடிக்க வேண்டும். கறுக்காவிட்டால் தொட்டியில் விடலாம்.