கழுத்துக்குள் ஓர் எலும்பு முனை

பக்கவாதம் என்றதும் ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும்தான் நினைவுக்கு வரும். அரிதாக, ஓர் எலும்பும் காரணமாகலாம்.

காதுக்குக் கீழே, மண்டையோட்டின் அடியிலிருந்து ஊசிபோல் இறங்கும் எலும்பு முனை சுமார் 2.5 செ.மீ. நீளமே இருக்கும். சிலருக்கு 3 செ.மீ.யைத் தாண்டும். 1937-இல் இதை விவரித்தவர் அமெரிக்க மருத்துவர் வாட் ஈகிள். பெரும்பாலோருக்குத் தொல்லையே இராது. ஆனால், கழுத்தைத் திருப்பும்போது மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனியை அது அழுத்தினால் உட்சுவர் கிழியலாம். அங்கே உறையும் ரத்தம் மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளும். இளைஞர்களுக்கும் இது நேரலாம்.

காரணம் எதுவானாலும், திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலம் நடப்பவருக்குத் திடீரென ஒரு பக்கக் கை தளர்ந்தால், வாய் கோணினால், பேச்சு குழறினால் களைப்பென்று உட்கார வைக்காதீர்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே அவகாசம். உடனே 108-ஐ அழையுங்கள்.