ஒரு மாதத்தில் ஜிம்மை விடாதீர்கள்

ஜிம்மில் சேரும் இளைஞர்களில் பலர் ஒரே மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். கண்ணாடியில் பார்த்தால் புஜம் பழையபடியேதான் இருக்கிறது. கட்டிய பணம் வீண் என்று தோன்றிவிடுகிறது. முதல் வாரம் திணறவைத்த டம்பெல் இப்போது சுலபமாக மேலே வருவதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

தசை பருக்காமல் பலம் எப்படிக் கூடியது? நரம்பால். முதுகுத்தண்டிலிருந்து வரும் ஒவ்வொரு இயக்க நரம்புச் செல்லும் தசையில் ஒரு கூட்டம் நார்களை இயக்குகிறது. பழக்கமில்லாதவர் மூச்சைப் பிடித்துத் தூக்கினாலும் எல்லாக் கூட்டமும் வேலைக்கு வருவதில்லை. பயிற்சியின் முதல் சில வாரங்களில் உடம்பு கற்பது இதைத்தான்: அதிகக் கூட்டங்களை விரைவாக அழைப்பது, எதிர்ப்பக்கம் இழுக்கும் தசையைத் தளரவிடுவது. நார்கள் கண்ணுக்குத் தெரியுமளவு தடிக்கப் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும்.

நம் தென்மாவட்டக் கிராமங்களின் இளவட்டக்கல்லை நினைத்துப் பாருங்கள். வழுவழுப்பான உருண்டை, பிடிமானமே கிடையாது. குத்தவைத்துக் கட்டியணைத்து, தொடைக்கு ஏற்றி, நெஞ்சுக்கு நகர்த்தி, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் போட வேண்டும். வெறும் புஜபலம் அங்கே போதாது. கால், இடுப்பு, முதுகு எல்லாம் முறை தவறாமல் ஒன்றுசேர வேண்டும்; அந்த ஒருங்கிணைப்பையும் நரம்புதான் கற்கிறது.

நடையும் ஓட்டமும் இதயத்துக்கு நல்லவை. ஆனால் சுமை கூடாமல் பலம் அதிகம் கூடாது. இரண்டாம் உலகப்போரில் காயமடைந்த வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க மருத்துவர் தாமஸ் டிலார்ம், எடையைப் படிப்படியாகக் கூட்டும் முறையை 1945-இல் எழுதிவைத்தார். இன்றைய பயிற்சிகள் பலவற்றின் அடிப்படை அதுதான். வாரம் 150 நிமிட நடை தவிர, இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் தனியாகவே சொல்கிறது.

16 முதல் 19 வயதுவரையான பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்வீடன் ஆண்களைச் சுமார் 24 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2012-இல் வெளியானது. அந்த வயதில் தசைபலம் குறைந்திருந்தவர்களிடம் அகால மரணம் அதிகம் இருந்தது. பலவீனம்தான் காரணம் என்று இதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது; ஆனாலும் அலட்சியப்படுத்தக்கூடிய செய்தி அல்ல.

உடம்பு முரடாகிவிடும் என்று பெண்கள் ஒதுங்க வேண்டியதில்லை. தொடங்கிய நிலையோடு ஒப்பிட்டால், ஆண்களுக்கு நிகராகவே அவர்களுக்கும் பலம் கூடுகிறது. ஜிம்மும் கட்டாயமில்லை. தண்டாலும் பஸ்கியும் போதும். பதினைந்து சுலபமாகிவிட்டால், புத்தகம் நிரப்பிய பையை முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள்.