பூசாத சுவர்

லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவின் கடைக்கூட்டத்தைக் கடந்து வடக்கே மார்கரெட் தெருவுக்குள் போனால், நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே 227 அடி உயரக் கோபுரம் ஒன்று எழுந்து நிற்கும். ஆல் செயிண்ட்ஸ் தேவாலயம். 1850-இல் தொடங்கிய வேலை, 1859-இல் பிரதிஷ்டையில் முடிந்தது. வடிவமைத்தவர் வில்லியம் பட்டர்ஃபீல்டு.

கோதிக் பாணிக் கோயில் என்றால் கல்லில்தான் கட்ட வேண்டும் என்று பக்திமான்கள் நினைத்த காலம் அது. செங்கல் என்றால் ஆலை, கிடங்கு, சிக்கனம். 1784 முதல் இருந்துவந்த செங்கல் வரியும் 1850-இல்தான் நீங்கியது. ஆனால் பட்டர்ஃபீல்டு மலிவைத் தேடிப் போகவில்லை. அவர் பொறுக்கியெடுத்த செங்கல், கல்லைவிட அதிக விலை!

பிறகு ஏன் செங்கல்? ஒரு காரணம் புகை. நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகம் மழைநீரோடு சேர்ந்து அமிலமாகிச் சுண்ணாம்புக்கல்லை அரிக்கும். முகப்புச் சிற்பமெல்லாம் பொருக்காக உதிரும். நன்றாகச் சுட்ட செங்கல் அதைத் தாங்கும்.

எனக்குச் சுவையாகப் படுவது இன்னொரு காரணம்: நிறம். இளஞ்சிவப்புச் சுவரில் கறுப்புச் செங்கல் வரிகளாகவும் சாய்ந்து மடங்கும் கோடுகளாகவும் ஓடுகிறது. மேலே பூசிய சாயமல்ல. கட்டும்போதே சுவரோடு சேர்ந்தது. ஒவ்வொரு வரியிலும் கறுப்புச் செங்கல்லைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்தால், நாலைந்து வரியில் சாய்கோடு தானே உருவாகிவிடும். கோலத்துக்குப் புள்ளி போல, இங்கே செங்கல்லின் அளவே கணக்கு. கொத்தனார் ஒரு செங்கல்லைத் தப்பாக வைத்தால் அங்கேயே கோலம் உடையும்.

இடம் மிகக் குறுகல். சுமார் நூறு அடிச் சதுரம். அதற்குள் முற்றம், இருபுறமும் வீடுகள், பின்னால் கோயில். கிழக்கே பலிபீடத்துக்குப் பின்னால் கட்டடங்கள் நெருக்குவதால், வழக்கமான பெரிய ஜன்னல் வைக்க வழியில்லை. அந்தச் சுவர் முழுக்க ஓவியங்கள் வந்தன. உள்ளே சலவைக்கல், மெருகேற்றிய கிரானைட் தூண், வண்ண ஓடு என்று எங்கும் நிறம். கண்ணுக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

அன்று கல்லூரிகள் பெரும்பாலும் கல்லால் ஆன ஆக்ஸ்ஃபோர்டில், கீபிள் கல்லூரியையும் பட்டர்ஃபீல்டு இதே வரிச் செங்கல்லில் கட்டினார். கேலி செய்யாதவர்கள் குறைவு.